ஏற்காட்டில் ஒரு நேரடி மின்னிசை நடன இரவு: நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

மின் கருவிகளில் அங்கேயே உருவாக்கப்படும் நேரடி மின்னிசைக்கு விடிய விடிய ஆட விரும்பும் சேலத்து இளைஞர்கள் பலரும் வார இறுதியில் பெங்களூருக்கே கிளம்புகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சென்று, நெரிசலான கிளப் ஒன்றில் சில மணி நேரம் ஆடிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு அதே நெடுஞ்சாலையில் திரும்புவதில் செலவும் இருக்கிறது, உயிராபத்தும் இருக்கிறது. ஊரிலிருந்து 30 கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கும்போது, அறுபது முதல் எண்பது பேர் கூடும் ஓர் இரவை நாமே ஒழுங்காக நடத்திக்கொள்ள முடியும். ஒலி பெரிதாக இருப்பதைவிடச் சரியாக இருப்பதும், அது அரங்கின் சுவரைத் தாண்டாமல் இருப்பதுமே அந்த இரவின் தரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே நோக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

முதற்படி: மாதமும் இடமும்

மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேரும் அந்த மாதத்தில் அறை கிடைப்பதே அரிது; மலைப்பாதையிலும் வண்டிகள் நகர்வதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாரங்கள் குளிராக இருந்தாலும் மழைத் தொல்லை குறைவானவை.

இடத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: நாற்புறமும் சுவரும் மேலே கூரையும் உள்ள மூடிய அரங்கம்தான் வேண்டும். காப்பித் தோட்டத்தின் நடுவே திறந்த வெளியில், நட்சத்திரங்களுக்குக் கீழே ஆடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இரவு பத்து மணிக்குப் பிறகு அதற்குச் சட்டமும் இடம் தராது, மலையும் இடம் தராது. தெளிவான இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று படரும்போது, மேலே எழும் ஒலி வளைந்து மீண்டும் தரைப்பக்கம் திரும்புகிறது; பகலில் பக்கத்துத் தோட்டத்தோடு நின்றுவிடும் ஓசை இரவில் ஏரியைத் தாண்டியும் கேட்பது இதனால்தான். சேர்வராயன் மலைக் காடுகளில் காட்டெருமைகள் திரிகின்றன. அவற்றை மிரட்டி மக்கள் நடமாடும் பக்கம் விரட்டும் வேலையை ஒரு நடன நிகழ்ச்சி செய்யக்கூடாது.

அரங்கைப் பார்க்கப் போகும்போது பகலில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். ஒருவருக்கு அரை சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் எண்பது பேர் ஆட 40 சதுர மீட்டர் தளம் போதும். உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் அதே அளவு இடம் தனியாக வேண்டும். வெளியேறும் வழிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இரண்டும் நிகழ்ச்சி முடியும் வரை பூட்டப்படாமல் இருக்க வேண்டும். தங்கும் அறைகள் அதே வளாகத்திலோ நடந்து போகும் தூரத்திலோ இல்லையென்றால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: அனுமதியும் அக்கம்பக்கமும்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்ற மத்திய அரசின் விதிகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்குள் அல்லாமல் வேறெங்கும் அதைப் பயன்படுத்தக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் சூழல் ஒலி பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக் கருவியால் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பு 5 டெசிபலுக்கு மேல் மீறப்படக்கூடாது. ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகு உங்கள் வளாகத்தின் வேலியோரம் 50 டெசிபல் என்பதே உச்சம். அது இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஓசையைவிடக் குறைவு.

இதில் நடத்துவோர் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. விதியில் சொல்லப்படும் டெசிபல் அளவு மனிதச் செவியின் இயல்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. தாழ்ந்த அதிர்வுகளை அது மிகவும் குறைத்தே மதிப்பிடும். மின்னிசையின் உயிரோ தாழ்ந்த அதிர்வுகளில்தான் இருக்கிறது. ஒலி அளக்கும் மீட்டர் 48 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கலாம். ஆகவே மீட்டரை மட்டும் நம்பாமல், வேலியோரத்தில் நின்று காதாலும் கேட்க வேண்டும்.

காவல் நிலையத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது தேதி, நேரம், அரங்கின் பெயர், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் கேளிக்கை வரி பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பதிவு செய்யப்பட்ட பாடல்களை இடையில் ஒலிக்க விடுவதானால் அதற்கு உரிமைதாரர்களின் உரிமம் தனியாகத் தேவைப்படும்.

காகித அனுமதி கையில் வந்த பிறகும் அக்கம்பக்கத்தாரிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் முக்கியம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள், மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், ஓய்வு பெற்று வந்து தங்கியிருக்கும் முதியோரின் வீடுகள் என ஏற்காட்டில் அரங்குக்கு அருகே யாராவது இருந்தே தீருவார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே சென்று, “ஐயா, வர்ற சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உள்ளே பாட்டு இருக்குங்க, சத்தம் அதிகமா வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, உடனே குறைச்சிடறோம்” என்று சொல்லி, எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தொலைபேசியை வைத்திருப்பவர் அன்றிரவு ஆடக்கூடாது.

மூன்றாம் படி: கலைஞரைத் தேர்ந்தெடுத்தல்

நேரடி மின்னிசை என்பதும் டிஜே நிகழ்ச்சி என்பதும் ஒன்றல்ல. டிஜே, பதிவு செய்யப்பட்ட இசைத்துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடு ஒன்று தடையின்றி இணைப்பவர். அதுவும் தேர்ந்த கலைதான். நேரடிக் கலைஞரோ தாளம் போடும் டிரம் மெஷின், மின்னொலிகளை உருவாக்கும் சிந்தசைசர், அவற்றை வரிசைப்படுத்தி ஓட்டும் சீக்வென்சர், மடிக்கணினி ஆகியவற்றைக் கொண்டு அந்த இடத்திலேயே இசையைக் கட்டி எழுப்புகிறார். கருவிகள் அனைத்தும் ஒரே காலப்பிரமாணத்தில் நடப்பதற்கு, 1983-இல் அறிமுகமான மிடி என்ற இணைப்புமுறை உதவுகிறது. ஒவ்வொரு தாள எண்ணிக்கையையும் 24 நுண்துடிப்புகளாகப் பிரித்து அது ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புகிறது. தளத்தில் இருப்போர் களைத்திருந்தால் கலைஞர் வேகத்தை மாற்றாமலே இசையை இளக்குவார். அவர்கள் பொங்கி எழுந்தால் ஒரு பகுதியை இன்னும் நீட்டிப்பார். இந்த உரையாடலுக்காகவே நேரடி நிகழ்ச்சியை நான் பரிந்துரைக்கிறேன்.

இது நமக்கு அந்நியமான இசை என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் நிறுவனத்தின் சிந்தசைசருடன் மின்னிசைக் கூடம் அமைக்கப்பட்டது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷினையும் டிபி-303 என்ற பாஸ் (தாழ்ந்த ஒலி) கருவியையும் கொண்டு இந்துஸ்தானி ராகங்களை நடனத் தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அதே டிபி-303-இன் நெளியும் ஒலியை வைத்துச் சிகாகோ கலைஞர்கள் ஒரு தனி நடன இசை வகையையே உருவாக்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். இராகமும் கமகமும் அறிந்த கலைஞர் எவராவது உங்கள் தொடர்பில் இருந்தால் தயங்காமல் அழையுங்கள்.

அழைக்கும்போது அவருடைய தேவைப் பட்டியலை எழுத்தில் பெறுங்கள்: எத்தனை மின் இணைப்புகள், மேசையின் நீள அகலம், ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் எத்தனை வழிகள், தன் காதருகே கேட்க எத்தனை ஸ்பீக்கர்கள். மேசை இடுப்பளவு உயரத்தில், ஆடாமல் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசையை வைத்தால் கலைஞர் மூன்று மணி நேரம் குனிந்தே நிற்க நேரும். ஊதியத்தில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

நான்காம் படி: ஒலியும் மின்சாரமும்

இந்தப் பகுதிக்குத்தான் உங்கள் பணத்திலும் நேரத்திலும் பெரும்பங்கு போக வேண்டும். அலங்காரத்தைக் குறையுங்கள், விளம்பரப் பலகையை நிறுத்துங்கள். ஒலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எண்பது பேர் ஆடும் அரங்குக்கு எல்லா ஒலிகளையும் தரும் இரண்டு முழுவீச்சு ஸ்பீக்கர்களும், தாழ்ந்த அதிர்வுகளுக்கான 18 அங்குல சப் ஊஃபர்கள் இரண்டும் பொதுவாகப் போதுமானவை. சேலத்தில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்குக் கொடுக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் இவை கிடைக்கும். சப் ஊஃபர்களை வழக்கம்போல இரு மூலைகளில் பிரித்து வைக்காமல், இரண்டையும் ஒட்டி நடுவில் வையுங்கள். பிரித்து வைத்தால் இரண்டின் அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓரிடத்தில் நெஞ்சு அதிர, சில அடி தள்ளி நிற்பவருக்கு பாஸே கேட்காது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர் என்பதால் திரைச்சீலையோ மெத்தையோ அதைத் தடுக்காது. கனமான சுவரும் இடுக்கில்லாமல் மூடப்பட்ட கதவும் ஜன்னலுமே ஓரளவு தடுக்கும். முழுவீச்சு ஸ்பீக்கர்களைத் தலைக்கு மேலே, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துத் தளத்தின் நடுவை நோக்கி நிறுத்துங்கள். முன்வரிசையில் இருப்பவரின் காதுக்கு நேராக வைத்தால் பின்வரிசைக்கு ஒலி சென்று சேரும் முன் முன்வரிசையின் காது கெட்டுவிடும்.

எவ்வளவு சத்தம் என்பதற்கு வருவோம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உச்ச வரம்பு வைக்கிறது. தளத்தின் நடுவில் 94-96 டெசிபல் சராசரியை நோக்கமாகக் கொள்வது நலம். ஒலி தெளிவாக இருந்தால் அந்த அளவே உடலை அசைக்கும். நுழைவாயிலில் ஒரு கிண்ணம் நிறைய நுரைக் காதடைப்பான்கள் வைத்து, வருவோர் எல்லோருக்கும் கொடுங்கள். இசை கேட்காத ஓர் அமைதியான அறையையும் ஒதுக்கி, அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து வரும்படி ஊக்குவியுங்கள்.

திருவிழாக்களில் பழகிய சவுண்ட்காரர் கூட்டம் உற்சாகமானதும் ஒலியை ஏற்றுவதையே நல்ல வேலை என்று கருதக்கூடும். அவரை மாலையிலேயே தேநீருக்கு அழைத்து, மிக்சரில் ஒலியை ஏற்றி இறக்கும் முதன்மை ஃபேடருக்குப் பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டி, “அண்ணா, இந்தக் கோட்டுக்கு மேல யார் சொன்னாலும் போக வேண்டாங்க, நானே வந்து கேட்டாலும் ஏத்தாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கருவி இருந்தால் அதையும் அந்த அளவிலேயே பொருத்தச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. ஸ்பீக்கர்கள், கலைஞரின் கருவிகள் ஆகிய இரண்டும் ஒரே எர்த் கொண்ட இணைப்பிலும், விளக்குகளும் தேநீர்க் கொதிகலனும் வேறொரு சர்க்யூட்டிலும் இருக்கட்டும்; இல்லையென்றால் இசைக்கு அடியில் விடாத இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இரைச்சல் வந்தால் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே உலை வைக்கும், ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியைக் கருவிக்கும் மிக்சருக்கும் இடையில் வைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஜெனரேட்டர் இருந்தாலும், மின்சாரம் போய் அது ஓடத் தொடங்கும் சில நொடிகளில் டிரம் மெஷின் அணைந்து, கலைஞர் அதுவரை கட்டியெழுப்பிய தாளம் முழுவதும் அழிந்துவிடக்கூடும். கணினிக்குப் பயன்படுத்தும் சாதாரண யூபிஎஸ் ஒன்றைக் கலைஞரின் மேசைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் போதும், ஸ்பீக்கர் நின்றாலும் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

மலைக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. இரவெல்லாம் காரில் குளிர்ந்து கிடந்த கருவியை, ஆட்கள் நிறைந்து வெதுவெதுப்பும் ஈரமும் கூடிய அரங்குக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் அதன்மேலும் உள்ளேயும் நீர் படியும். பெட்டியோடு உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். பழைய அனலாக் சிந்தசைசர்களின் சுருதி வெப்பத்துக்கேற்ப நகரும். அவற்றை இயக்கி அரைமணி நேரம் சூடாக விட்டுச் சுருதி சேர்ப்பதும், அரங்கம் நிறைந்த பிறகு மறுபடி ஒரு முறை சரிபார்ப்பதும் அவசியம்.

மாலை நான்கு மணிக்கு ஒலிச் சோதனை. அதன் இறுதியில் கிக் எனப்படும் அடித்தாளத்தையும் பாஸையும் மட்டும் நிகழ்ச்சி அளவில் ஓடவிட்டு, வேலியைச் சுற்றி முழுவதும் நடந்து வாருங்கள். அதிர்வு எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஐந்தாம் படி: மாலையின் அமைப்பு

ஆறரை மணிக்குக் கதவைத் திறந்து பதினோரு மணிக்கு முடிப்பது ஏற்காட்டுக்குப் பொருந்தும். முதல் ஒரு மணி நேரம் நிமிடத்துக்கு 100 முதல் 110 வரையிலான தாள எண்ணிக்கையில் மெல்லிய இசை போதும். வந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும், பலகாரம் சாப்பிடட்டும். எட்டு மணி அளவில் 120-ஐத் தொட்டு, ஒன்பதரைக்குள் 126-128 வரை போகலாம். பத்து மணி ஆனதும் பாஸைக் கணிசமாகக் குறைத்துவிடும்படி கலைஞரிடமும் சவுண்ட்காரரிடமும் முன்பே பேசி வைத்திருங்கள். அப்போது தளத்தில் உள்ள கூட்டம் ஒன்றிப்போயிருப்பதால், குறைந்த ஒலியிலும் ஆட்டம் தளராது.

கலைஞருக்கு மேடை போட வேண்டாம். தளத்தோடு தளமாக, ஓர் ஓரத்தில் மேசை இருக்கட்டும். மேடை இருந்தால் எல்லோரும் அதை நோக்கி நின்று கைப்பேசியைத் தூக்கிவிடுகிறார்கள், ஆட்டம் நின்றுவிடுகிறது. விளக்கு மங்கலாக, ஓரிரு நிறங்களில் போதும். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஆபத்து என்பதால் ஸ்ட்ரோப் விளக்கை அறவே தவிர்த்துவிடுங்கள்.

இனி ஆட்டம். திருவிழாவில் பறைக்கு முன்னால் ஆடிப் பழகிய ஊர் நம்முடையது, கால்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டும் சரணமும் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடும் இசையில் எதைப் பிடித்துக்கொள்வது என்று முதல்முறை வருவோர் திகைப்பார்கள். அவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். இவ்வகை இசை பெரும்பாலும் 32 எண்ணிக்கைகள் கொண்ட பகுதிகளாக நகர்கிறது. அது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் நான்கு ஆவர்த்தனங்களுக்குச் சமம். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் அது சரியாக 16 நொடி. கிக் திடீரென்று விலகி, இசை மேலெழுந்து மிதக்கும்போது மனத்துக்குள் தாளம் போட்டுக்கொண்டே வந்தால், நான்காவது அல்லது எட்டாவது ஆவர்த்தனம் முடிந்து அது திரும்ப விழும் இடத்தை உடல் தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கும். அந்த எதிர்பார்ப்பும் அது நிறைவேறும் கணமும்தான் இந்த நடனத்தின் பேரின்பம். முழங்காலைத் தளர்த்தி, கிக் விழும்போது எடையைக் கீழே விடுவதில் தொடங்குங்கள். கை என்ன செய்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சிமெண்டுத் தரையில் செருப்போடு ஆடினால் மறுநாள் குதிகால் வலிக்கும், மெத்தென்ற அடியுள்ள ஷூ அணிந்து வரும்படி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: வருவோரின் பாதுகாப்பு

பெண்கள் தயக்கமின்றி ஆட முடிந்தால்தான் அது நல்ல இரவு. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு பொறுப்பாளர்களை நியமித்து, தூரத்திலிருந்தே தெரியும்படி கையில் பட்டை கட்டச் செய்யுங்கள். கேட்காமல் தொடுவது, கேட்காமல் படம் எடுப்பது இரண்டுக்கும் ஒரே பதில்தான்: முதல் புகாரிலேயே அந்த நபர் அறைக்கு அனுப்பப்படுவார், மறுபடி உள்ளே வரமாட்டார். இதை நுழைவாயிலில் எழுதி வைப்பதோடு ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்லுங்கள். அரங்கம், தங்கும் அறை, முடியும் நேரம், பொறுப்பாளர் எண் அனைத்தும் அழைப்பிலேயே இருந்தால் வருவோர் தம் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டு வரலாம். நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல. அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களைக் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

மதுவைப் பொறுத்தவரை, உரிமம் இல்லாத இடத்தில் பரிமாறுவது குற்றம்; உரிமம் உள்ள இடத்திலும் தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தோருக்குக் கொடுக்கக்கூடாது. மது இல்லாமலே இந்த இரவை நடத்துங்கள் என்பேன். மூன்று மணி நேரம் தாளத்தோடு ஒன்றி ஆடுபவருக்கு வேறு போதை தேவைப்படுவதில்லை. தண்ணீர் தாராளமாக, இலவசமாக இருக்கட்டும். இடையில் கொறிக்கத் தட்டுவடை செட்டும், முடிந்ததும் சூடான இட்லியும் ஏற்காட்டுக் காப்பியும் வையுங்கள். வியர்த்த உடம்போடு குளிரில் வெளியே போகும் முன் போர்த்திக்கொள்ள ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: யாரும் இரவில் மலை இறங்கக்கூடாது

அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இரவில் மூடுபனி இறங்கினால் வண்டியின் முன்விளக்கு வெள்ளைச் சுவரில்தான் படும். ஆடிக் களைத்தவர் மது அருந்தாமலே இருந்தாலும் அந்தப் பாதையில் ஓட்டத் தகுந்தவர் அல்லர். எனவே நுழைவுக் கட்டணத்திலேயே அறைக்கான தொகையையும் சேர்த்து வாங்குங்கள், அறை எடுக்காதவருக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவிகளை வரவேற்பு மேசையில் பெயர் எழுதி வாங்கி வைத்து, காலைச் சிற்றுண்டிக்குப் பிறகே திருப்பிக் கொடுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வண்டி இல்லாதவர்கள் காலையில் சேலம் பேருந்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: மறுநாள் காலை

கருவிகளையும் ஸ்பீக்கர்களையும் இரவோடு இரவாகக் கழற்ற வேண்டாம். பதினோரு மணிக்கு மேல் இரும்புத் தாங்கிகளை இழுக்கும் ஓசை இசையைவிட மோசமாக அண்டை வீடுகளை எழுப்பும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடிந்துவிடும். பிளாஸ்டிக், காதடைப்பான், காகிதக் குவளை அனைத்தையும் மூட்டை கட்டிச் சேலத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். சவுண்ட்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கியை அங்கேயே தீர்த்துவிடுங்கள்.

புறப்படும் முன், முன்பு எண் கொடுத்துவிட்டு வந்த வீடுகளுக்கு மறுபடி போய், எந்த நேரத்தில், எந்த அறையில், என்ன கேட்டது என்று விசாரியுங்கள். கூச்சத்தால் “ஒன்னுமில்லைங்க” என்பார்கள். ஜன்னல் அதிர்ந்ததா, குழந்தை எழுந்ததா என்று குறிப்பாகக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் சொல்வதையும், ஃபேடர் நின்ற இடத்தையும், எந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வெள்ளை நாடாவை எங்கே ஒட்டுவது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.